வெளியூர் ஆட்டம்

மிதுஷனுக்கு என்ன குறை என்று என்னைக் கேட்காத தமிழ்ச் சனம் டோர்ட்மண்டில் இல்லை. கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றால் கேட்பார்கள். கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றால் அங்கும் கேட்பார்கள். பெற்ற தாய்க்குத் தெரியாமல் இருக்குமா என்று அதற்கு ஒரு வால் வேறு. எனக்குத் தெரியவில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததால் கேட்டவர்கள்மேல் எரிந்து விழுந்தேன்.

அவன் என் இளைய மகன். வயது இருபத்துமூன்று. மின்சார வேலை படித்து முடித்து ஒரு கம்பனியில் வேலை செய்கிறான். சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்துக்குக் கூடைப்பந்து ஆடுவான். அணி எடுக்கிற புள்ளிகளில் அரைவாசி அவன் கையால்தான் வரும். எதிரணிக்காரர் மண்டபத்துக்குள் வந்ததும் பன்னிரண்டாம் இலக்கம் எங்கே நிற்கிறான் என்றுதான் முதலில் தேடுவார்கள். அப்படிப்பட்டவன் ஒரு வருடமாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆடினான். வென்றாலும் சிரிப்பில்லை. பயிற்சிக்குப் பிந்தி வருவான், எல்லாருக்கும் முந்திப் போவான். ஆட்டக்காரர் இருக்கிற வாங்கின் கடைசியில் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு தனியே குந்தியிருப்பான்.

தை மாதம் பக்கத்து ஊரான விற்றனிலிருந்து ஒரு கழகம் அவனைக் கேட்டு வந்தது. ஜேர்மன்காரரின் கழகம், எங்களைவிட ஒரு படி மேலே ஆடுகிறது. மிதுஷனை எங்களுக்குத் தாருங்கள், பதிலுக்கு எங்களிடமிருந்து இரண்டு பேரைத் தருகிறோம் என்றார்கள். ஒருவன் இரண்டு மீற்றர் உயரம். மற்றவன் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் பந்தைக் கூடைக்குள் போடுவானாம். ஆள் மாறுவதற்கு ஒரு விடுவிப்புத் தாள் வேண்டும். பழைய கழகத்தின் கூடைப்பந்துப் பொறுப்பாளர் அதில் கையெழுத்து வைக்காவிட்டால், போகிறவன் மாதக்கணக்கில் சும்மா இருக்கவேண்டியதுதான். எங்கள் கழகத்தில் அந்தப் பொறுப்பாளர் நான்.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு அவிக்கிற கலாதேவிக்கும் கூடைப்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சம்பந்தமும் இல்லை. இந்த அணியைத் தொடங்கியவன் என் மூத்த மகன் சாருஜன். பதினாறு வயதில் நாலு பொடியளைச் சேர்த்துக்கொண்டு தொடங்கினான். அவனே ஆடுவான், அவனே மண்டபம் கேட்டு நகரசபைக்கு எழுதுவான், அவனே உடுப்புத் தோய்ப்பான். இருபத்தாறு வயதில் இரத்தப் புற்றுநோய் வந்து பதினொரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். தம்பியின் ஸ்டெம் செல் அச்சொட்டாகப் பொருந்துகிறது என்று வைத்தியர் சொன்ன நாளில் நான் வீடு முழுக்கக் கேசரி கிண்டிக் கொடுத்தேன். மிதுஷன் செல் கொடுத்தான். அது அண்ணனின் உடம்பில் பிடிக்கவில்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் புரட்டாதியில் சாருஜன் போய்விட்டான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து பத்தாம் நாள் கழகக் கூட்டம். இனிக் கூடைப்பந்தை யார் பார்ப்பது என்று கேட்டபோது முதலில் தூக்கிய கை என்னுடையது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் உனக்கு விளையாட்டுத் தெரியாதே என்று சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. விதிகளை இருந்து படித்தேன். புள்ளி எழுதப் பழகினேன். ஆறு மாதத்தில் நடுவரோடு வாதாடுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் சனத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அடுத்தது விளங்கும். தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டுவிழாவோ, நடன அரங்கேற்றமோ, பட்மின்ரன் போட்டியோ, எதுவென்றாலும் மங்கள விளக்கேற்றி, இறந்தவர்களுக்கு ஒரு நிமிட அகவணக்கம் செலுத்தாமல் நாங்கள் தொடங்கமாட்டோம். சாருஜன் இல்லாமல் நடந்த முதல் ஆட்டத்துக்கு நான் அவனுடைய படத்தை மாலை போட்டுக் கொண்டுபோய் மண்டபத்தின் நடுவில் ஒரு மேசையில் வைத்தேன். பக்கத்தில் என் சீதனத்தில் வந்த குத்துவிளக்கு. மிதுஷன் ஏற்றினான். மண்டபக் காவலர் ஓடி வந்து நெருப்புக் கூடாது என்று கத்தினார். அடுத்த முறை பற்றறியில் எரிகிற சின்ன விளக்குகள் ஐந்தை வாங்கி, ஐந்து முகத்திலும் வைத்தேன். தம்பி குனிந்து ஒவ்வொன்றாகச் சுவிச்சை அமத்தி எரிய வைப்பான். கழகத் தலைவர் கனகலிங்கம் அண்ணை தமிழிலும் ஜேர்மன் மொழியான டொச்சிலும் பேசுவார். பிறகு ஒரு நிமிடம் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். எதிரணியும் நிற்கும், நடுவர்மாரும் ஊதலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிற்பார்கள்.

ஒரு தரம் செய்தது எங்கள் சொந்த மண்டபத்தில் நடக்கிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வழக்கமாகிவிட்டது. நான்தான் ஆக்கினேன். மறைக்க என்ன இருக்கிறது, அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் அடுத்த இரண்டு கிழமையும் படுக்கையை விட்டு எழும்பி வேலைக்குப் போனேன். நூற்றைம்பது பேர் எழுந்து நிற்க என் பிள்ளையின் பெயரை ஒருவர் ஒலிவாங்கியில் சொல்லுவார். அதைக் கேட்டால் அவன் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை என்று எனக்குப் படும்.

மிதுஷன் ஏன் இப்படி இருக்கிறான் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். தலைக்கனம் என்றார் கனகலிங்கம் அண்ணை. பெரிய கழகத்துக்குப் போக மனம் உன்னுகிறது என்றார் பயிற்றுநர் ராசன். ஏதோ ஒரு பிள்ளை அவனை விட்டுவிட்டுப் போயிருக்கவேண்டும் என்று கடைக்காரப் பெண்கள் கதை கட்டினார்கள். நான் என் பங்குக்கு நாவூறு என்று நினைத்து, செத்தல் மிளகாயும் உப்பும் அவன் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டேன். புகைக்கு அலாரம் அடித்து, மேல்வீட்டுக் கிழவர் தீயணைப்புப் படையைக் கூப்பிடப் போய்விட்டார். நாவூறு போனதோ இல்லையோ, கட்டடம் முழுக்க எனக்குப் பெயர் வந்துவிட்டது.

விற்றன் கழகத்துக்கு என்ன பதில் சொல்வது என்று முடிவெடுக்கக் கனகலிங்கம் அண்ணையின் வாகனம் பழக்கும் பாடசாலையில் ஒரு ஞாயிறு மத்தியானம் கூடினோம். அவர், ராசன், அணித் தலைவன் நரேஷ், நான். சுவர் முழுக்கப் போக்குவரத்துக் குறிகள். நரேஷ் சாருஜனோடு ஒரே வகுப்பில் படித்தவன், அமைதியான பிள்ளை.

ராசன் மாற்றத்துக்கு ஆதரவு. மனமில்லாதவனைப் பிடித்து வைத்து என்ன பயன், அவனுடைய முகத்தைப் பார்த்து மற்றப் பொடியளும் சோர்ந்துபோகிறார்கள், உயரமான ஆள் ஒருவன் எங்களுக்கு எந்த நாளும் இருந்ததில்லை என்றார். கனகலிங்கம் அண்ணை எதிர்த்தார். அண்ணன் தொடங்கிய அணியைத் தம்பி விட்டுப்போனான் என்று ஊர் சிரிக்கும் என்றார். அவருக்கு ஒலிவாங்கி கிடைத்தாலும் ஒன்றுதான், கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான், அரை மணித்தியாலத்துக்குக் குறையாது. நரேஷ் மட்டும், மிதுஷனையே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்றான்.

"பொடியனிட்டை என்னத்தைக் கேக்கிறது? தாய் இஞ்சை இருக்கிறா தானே," என்றார் கனகலிங்கம் அண்ணை. "தங்கச்சி, நீர்தான் கையெழுத்து வைக்கிற ஆள். நீர் சொல்லுறதுதான் முடிவு."

நானும் தலையை ஆட்டினேன். அவனைக் கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. கலியாணமென்றாலும் படிப்பென்றாலும் பெற்றவர்களை இருத்திப் பேசி முடித்துப் பழகிய ஆட்கள் நாங்கள். வெள்ளிக்கிழமைக்குள் தாள் போகவேண்டும் என்று ராசன் சொன்னார். ஒரு தாளும் போகாது என்று நான் அப்போதே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். ஒருவனை நெருப்புக்குக் கொடுத்தாயிற்று, மற்றவனை விற்றனுக்குக் கொடுப்பதா? அவன் போனால் அந்த விளக்கை யார் ஏற்றுவது?

ராசனின் வாயை அடைக்க வேண்டும் என்ற வீம்பில்தான் மறுநாள் என் கொப்பியை எடுத்தேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் எத்தனை புள்ளி என்று நான் தனியாக எழுதி வைப்பேன். எங்கள் மண்டபத்து ஆட்டங்களை நானே இருந்து எழுதுவேன். வெளியூர் ஆட்டங்களுக்குப் போக எனக்கு வேலை விடாது, நரேஷ் தாளைப் படமெடுத்து அனுப்புவான். மிதுஷன் இல்லாவிட்டால் அணியே இல்லை என்று கணக்கோடு காட்டுவது என் எண்ணம்.

வேலையிடத்தில் ஓய்வு நேரம், தேத்தண்ணியோடு இருந்து கூட்டினேன். எங்கள் மண்டபத்தில் அவன் எடுத்தது ஒன்பது, பதினொன்று, ஏழு, பன்னிரண்டு, எட்டு. வெளியூரில் இருபத்தேழு, முப்பத்தொன்று, இருபத்துநாலு, இருபத்தொன்பது, முப்பத்துமூன்று. பிழையாகப் பார்த்து எழுதிவிட்டேன் என்று நினைத்து நரேஷின் படங்களைத் திரும்பத் தேடி எடுத்துப் பார்த்தேன். பிழையில்லை. சாருஜன் இருந்த காலத்துத் தாள்களையும் பார்த்தேன். அப்போது மிதுஷன் எங்கள் மண்டபத்தில்தான் கூடுதலாக எடுத்திருக்கிறான்.

கூடையின் உயரம் எங்கும் ஒன்றுதான். நிலமும் அதே மரப்பலகை நிலம்தான். எங்கள் மண்டபத்தில் இருப்பதும் வெளியூரில் இல்லாததும் என்ன என்று விரலை மடக்கி எண்ணினேன். எங்கள் சனம். றோல்சும் வடையும். கனகலிங்கம் அண்ணையின் பேச்சு. நான். நாலாவது விரலோடு நின்றுவிட்டேன். ஐந்தாவது சாருஜனின் படம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிப்போனது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சொந்த அண்ணனின் படத்துக்கு முன்னால் பத்து நிமிடம் நிற்கக் கசக்கிறதா இவனுக்கு என்று கொதித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்ததும் மிதுஷன்தான் என்னைக் காரில் ஏற்றுவான். மறுநாள் செவ்வாய், ஏறி இருந்ததும் கொப்பியை விரித்து அவன் மடியில் போட்டேன். காரை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இதையும் எழுதி வைத்திருக்கிறீர்களா என்று மெல்லக் கேட்டான். எனக்குப் பதில் வேண்டும் என்றேன்.

"அந்தச் சுவிச்சை அமத்தேக்குள்ளை எல்லாரும் என்ர கையைத்தான் பாக்கினம் அம்மா," என்றான். "என்ர செல் அண்ணாக்குப் பிடிக்கேல்லை எண்டு அங்க நிக்கிற எல்லாருக்கும் தெரியும்."

"அப்பிடி ஆரும் நினைக்கேல்லை."

"நான் நினைக்கிறன்."

இதுவரை அவன் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. செத்தவீட்டில் வந்தவர்களுக்குக் கோப்பி கொடுத்தான். கதிரைகளை அடுக்கினான். கொள்ளி வைத்த தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நல்ல பிள்ளை, எவ்வளவு தைரியம் என்று எல்லாரும் மெச்சினார்கள். நானும் மெச்சினேன். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் நூற்றைம்பது பேருக்கு முன்னால் அவனைக் கூப்பிட்டு, உன்னால் காப்பாற்ற முடியாமல் போனவன் இவன்தான் என்று காட்டிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு விளங்கவேயில்லை.

அது விளங்கிய பிறகாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் எங்கே இருந்தேன். விளக்கும் வேண்டாம் படமும் வேண்டாம், நாளைக்கே நிறுத்துகிறேன், நீ இங்கேயே ஆடு என்றேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். நீங்கள் நிறுத்தினால் அது நான் நிறுத்தியதுதான், அண்ணாவின் படத்தை எடுக்கச் சொன்ன தம்பி என்று கடைசிவரை கதைப்பார்கள் என்றான். உங்களுக்கு அது வேண்டும் என்றும் எனக்குத் தெரியும் என்றான். அவன் சொன்னது முழு உண்மை. அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் தொடங்கின அணியை நீயும் விட்டுவிட்டுப் போனால் அவனுடைய பெயர் என்னத்துக்கு ஆகும், அவனை அப்படி மறக்கவேண்டுமா உனக்கு என்று கத்தினேன். காருக்குப் பக்கத்தால் போன என்னோடு வேலை செய்கிற பெண் திரும்பிப் பார்த்தாள்.

மிதுஷன் கத்தவில்லை. இரண்டு கையாலும் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி சொன்னான்.

"நான் ஒருத்தன் உயிரோட இருக்கிறன் அம்மா."

பிறகு காரை எடுத்தான். வீட்டு வாசலில் இறங்கி நான் கதவை அடித்துச் சாத்தினேன். மூன்று நாள் அவனோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன்.

என் மனிசன் தம்பித்துரைக்குப் பார்சல் பிரிக்கிற இடத்தில் வேலை. வாய் திறக்காத மனிதர். சாருஜன் இருந்தபோது ஒரு ஆட்டம் விடமாட்டார், போன பிறகு மண்டபத்துப் பக்கமே வரவில்லை. முழங்கால் நோகிறது என்பார். வியாழக்கிழமை பின்னேரம் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பிள்ளைக்கு இரக்கமில்லை, அண்ணன் என்ற பாசமில்லை என்று. அவர் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அந்தப் படத்துக்கு முன்னாலை நிக்க ஏலாதப்பா," என்றார். "அதுதான் நான் வாறேல்லை."

ஒன்றரை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். முழங்காலுக்கு நான் தைலம் பூசிவிட்டிருக்கிறேன். எனக்கு அவரோடும் கோபம், என்னோடும் கோபம். எனக்கு ஒரு நிமிடம் வேண்டும் என்பதற்காக வீட்டில் மிச்சமிருந்த இரண்டு பேரையும் நான் வதைத்திருக்கிறேன். குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, வாய்க்குள் துணியை அடைத்துக்கொண்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலை விடுவிப்புத் தாளில் கையெழுத்து வைத்தேன். சமையலறை மேசையில், அவன் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவன் பார்க்க வைத்தேன். காரணம் எழுதுகிற கட்டம் ஒன்று இருந்தது. விளையாட்டுக் காரணம் என்று எழுதினேன். அவன் ஒரு சப்பாத்தோடு எழுந்து வந்து தாளைப் பார்த்தான். என் தோளில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மற்றச் சப்பாத்தைப் போடப் போனான்.

கனகலிங்கம் அண்ணை ரெலிபோனில் குதித்தார். தாயே பிள்ளையை விற்பதா என்று கேட்டார். என் பிள்ளை எனக்குத் தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய். தெரிந்து நாலு நாள்தான்.

அடுத்த ஆட்டத்துக்கு நரேஷ் விளக்கேற்றினான். இரண்டு மீற்றர் பொடியன், லெயோன் என்று பெயர், தன் வாழ்நாளில் பார்த்திராத ஒருவனுக்காகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எந்த நாளும் அந்த ஒரு நிமிடத்தில் கண்ணை மூடிக்கொள்கிற நான் அன்று திறந்துகொண்டு சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் நரேஷின் கையைத்தான் பார்த்தார்கள். ஒருவரிடமும் வஞ்சகம் இல்லை, விளக்கு அங்கே இருந்தது, கை அங்கே இருந்தது, பார்த்தார்கள். ஆனால் மிதுஷன் சொன்னது சரி. ஆட்டத்தை நாங்கள் வென்றோம். ராசன் லெயோனைக் கட்டிப்பிடித்தார். நான் புள்ளிகளை எழுதி முடித்துவிட்டுப் படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

பங்குனியில் ஒரு நாள் மிதுஷன் தானாகவே வந்து கேட்டான். சனிக்கிழமை விற்றனில் ஆட்டம், நீங்களும் அப்பாவும் வரலாமே என்றான். நான் லீவு எடுத்தேன். தம்பித்துரை முழங்காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, காற்சட்டையை அழுத்தி வைத்தார்.

சின்ன மண்டபம். அறுபது எழுபது பேர் இருப்பார்கள். வாசலில் தாய்மார் கேக் விற்றார்கள். மேசை இல்லை, படம் இல்லை, பேச்சு இல்லை. நடுவர் ஊதினார், தொடங்கிவிட்டார்கள். இரண்டாம் நிமிடம் மிதுஷன் ஒருவனைச் சுற்றி ஓடி, பார்க்காமலே பின்னுக்குப் பந்தை எறிந்தான். அதை வாங்கியவன் கூடைக்குள் போட்டான். இரண்டு பேரும் ஓடிக்கொண்டே சிரித்தார்கள். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம். பல்லெல்லாம் தெரிய, சின்னப் பிள்ளையில் அண்ணனின் தோளில் ஏறிக்கொண்டு சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. தம்பித்துரை எழுந்து நின்று கைதட்டினார். இந்த மனிதனா என்று நான் பார்த்தேன்.

எனக்குப் பக்கத்தில் ஒரு ஜேர்மன் மனிசி, என் வயதுதான் இருக்கும். அவளுடைய மகனும் ஆடினான். மிதுவின் அம்மாவா நீங்கள் என்று கேட்டு, கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவன் வந்த பிறகு தன் மகனுக்கு வீட்டில் அவனைப் பற்றித்தான் கதை என்றாள். நல்ல பண்பான பொடியன், சாப்பிட வந்தால் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போவான் என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

"சகோதரங்கள் இருக்கா எண்டு கேட்டன்," என்று டொச்சில் சொல்லிச் சிரித்தாள். "இல்லை எண்டான். அப்ப உங்களுக்கு ஒரே பிள்ளையா?"

முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. இல்லை என்றானா? அவனைத் தூக்கி வளர்த்தவனை, அவனுக்குப் பந்து பிடிக்கக் காட்டிக் கொடுத்தவனை, இல்லை என்று சொல்ல அவனுக்கு எப்படி வாய் வந்தது? சாருஜன் என்ற பெயர் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒன்றரை வருடமாக ஒரு மண்டபத்தையே எழுப்பி நிறுத்தி அந்தப் பெயருக்குத் தலை குனிய வைத்தவள் நான். இந்த ஒருத்திக்குச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம்.

அப்போது மிதுஷன் மேலே பார்த்தான். நான் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறேன், யாரோடு கதைக்கிறேன் என்று கண்டான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவனுக்கு எறிந்த பந்து அவன் தோளில் பட்டு வெளியே போனது. அவன் திரும்பவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் சொன்னால் இவள் ஐயோ என்பாள். பின்னேரமே மகனுக்குச் சொல்லுவாள். திங்கட்கிழமைப் பயிற்சியில் அணி முழுக்க அவனைச் சுற்றி நின்று முதுகைத் தடவும். எப்படி இறந்தார் என்று கேட்பார்கள். யார் செல் கொடுத்தது என்று கேட்பார்கள். பிறகு எல்லாரும் அவனுடைய கையைப் பார்ப்பார்கள்.

"ஓம்," என்றேன் டொச்சில். "எங்களுக்கு ஒரு பிள்ளைதான்."

எனக்குப் பக்கத்தில் தம்பித்துரையின் கைதட்டல் நின்றது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. அந்த மனிசி, ஒரு பிள்ளை என்றால் செல்லம் கூடத்தான், எனக்கு மூன்று, ஒன்றுக்கும் நேரமில்லை என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்த முகத்தைக் கீழே நின்றவன் கண்டான். கொஞ்சம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, திரும்பி ஓடினான்.

சாருஜனுக்கு மூச்சு நின்றபோது நான் அழவில்லை, அவன் கையைப் பிடித்துக்கொண்டு பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். தாதி வந்து போதும் அம்மா என்று கையைப் பிரித்தபோதும் விடவில்லை. அப்படிப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளையை, முன்பின் தெரியாத ஒருத்தி கேட்டதற்கு, இல்லை என்றுவிட்டேன். என்னை மன்னித்துக்கொள் ராசா என்று மனதுக்குள் சொன்னேன். தம்பி ஆடுகிறான், கொஞ்ச நேரம் நீ வெளியில் நில் என்றேன்.

மனிசி கேக் வாங்கப் போகிறேன், உங்களுக்கும் வேண்டுமா என்று கேட்டாள். தம்பித்துரை திரும்ப என் பக்கத்தில் இருந்துகொண்டு, ஓம், இரண்டு துண்டு என்றார்.